தியாகராசன் பிடுங்கிய காற்று

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எந்த வயல் மோட்டார் தண்ணீர் எடுக்காமல் முரண்டு பிடித்தாலும் தியாகராசனைத்தான் கூப்பிடுவார்கள். அவரிடம் இருந்தது ஒரே வைத்தியம். குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும், அதை விரட்ட வேண்டும். சாணியைக் கரைத்து ஊற்றுவார், ஒரு நட்டைத் தளர்த்துவார், புஸ்ஸென்று காற்று போகும், தண்ணீர் வந்து விழும். "மோட்டாருக்கு எமனே காத்துதாங்க" என்று சொல்லிவிட்டு, காவிரியைத் தானே திறந்துவிட்டது போல மீசையைத் தடவிக்கொள்வார். மனுசனுக்கு அவ்வளவு தலைக்கனம்.

அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த சம்பந்தி மன்னார்குடி இளஞ்செழியன். வீட்டை ஒட்டியிருந்த நல்ல நன்செயில் நெல்லை நிறுத்திவிட்டுப் புல் போட்டிருந்தார். ஊரே புல்லைப் பிடுங்கக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறது, இந்த மகானுபாவர் புல்லைக் காசு கொடுத்து வாங்கி நட்டு, அதற்கு ஸ்பிரிங்க்ளர் வைத்துத் தண்ணீர் பீய்ச்சுகிறார்! சரி, மாட்டையாவது மேய விடுவாரா? அதுவும் கிடையாது. செருப்போடு மிதித்தாலே முகத்தைச் சுளிப்பார்.

அந்த வீட்டு மருமகள் கவிப்ரியா, தியாகராசனின் ஒரே மகள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் பேச்சு அங்கே எடுபட்டதே இல்லை. சாம்பாருக்கு எவ்வளவு பெருங்காயம் என்பதில்கூட மாமியார் கமலாம்பாள் வைத்ததுதான் சட்டம். புருஷன் சதீஷ் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு எதற்கெடுத்தாலும் "அம்மாகிட்ட கேட்டுக்க" என்பான். அதனால்தான் போன மாதம் அப்பாவிடம் போனில் பேசியபோது அவள் குரல் அப்படித் துள்ளியது.

"அப்பா, நான் சொல்லி இந்த வீட்டுல ஒரு சாமான் வாங்கிட்டாங்கப்பா! யாராச்சும் கால் கழுவக் கொழாயத் தொறந்தாக்கூட மோட்டார் ஓடி ஓடி நிக்கும். இப்படியே போனா மோட்டார் காயில் எரிஞ்சிடும், ஒரு பிரஷர் டேங்க் வைங்கன்னு சொன்னேன். மாமா வச்சிட்டாரு. இப்ப புல்லுக்கு, பொழக்கத்துக்கு எல்லாம் அதுலேருந்துதான். மோட்டார் நிம்மதியாத் தூங்குது."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார் தியாகராசன். அந்த டேங்குக்குள் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கேட்டால் மானம் போய்விடுமே, கேட்கவில்லை.

கவிப்ரியாவின் வளைகாப்புக்கு மனைவியோடு முதல் நாளே வந்து இறங்கினார். மறுநாள் காலை எல்லோரும் பந்தல் வேலையில் இருந்த நேரம் பார்த்து மோட்டார் பக்கம் ஒதுங்கினார். குண்டாக ஒரு சிவப்பு டேங்க் நின்றது. விரலால் தட்டினார். மேல்பாதி டொங்கென்றது. உச்சியில் கார் டயருக்கு இருப்பது போல ஒரு வால்வு. மூடியைக் கழற்றி நகத்தால் அழுத்தினார். புஸ்ஸென்று காற்று!

தியாகராசன் விரலை வெடுக்கென்று எடுத்தார். அடப்பாவி! தண்ணி டேங்க் என்று சொல்லி எவனோ காற்றை அடைத்து எம் புள்ளை தலையில் கட்டிவிட்டானே! மோட்டார் நாலு பேர் முன்னால் கழுத்தறுத்தால், மருமகள் வாங்கின லட்சணத்தைப் பாருங்கள் என்றல்லவா பேசுவார்கள்? மகள் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, கடைசி மூச்சு வரை காற்றைப் பிடுங்கி விட்டார். டேங்க் தளும்பத் தளும்பத் தண்ணீரோடு கும்மென்று நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. டிபனுக்கு இரண்டு இட்லி கூடவே உள்ளே போயிற்று.

வளையல் அடுக்கி முடித்து, புல்தரையில் பந்தி போட்டார்கள். முதல் பந்தி எழுந்து கை கழுவப் போனபோது ஆரம்பித்தது வினை. குழாயைத் திறந்ததும் மோட்டார் டக்கென்று ஓடியது, டக்கென்று நின்றது, மறுபடி ஓடியது. தண்ணீர் விக்கி விக்கி வந்தது. இளஞ்செழியன் பதறிப்போய் எந்த வால்வைத் திருப்பினாரோ, புல்லுக்குள் பதுங்கியிருந்த ஸ்பிரிங்க்ளர்கள் எல்லாம் எழுந்து பட்டுச்சேலைகளை நனைத்தன, உட்கார்ந்தன, மறுபடி எழுந்து மிச்சம் இருந்த சேலைகளையும் நனைத்தன. கடைசியில் மோட்டார் சூடேறித் தானாகவே நின்றுவிட்டது. சாம்பார்க் கையை நீட்டிக்கொண்டு அத்தனை சொந்தமும் நின்றது.

கமலாம்பாளுக்கு வேறென்ன வேண்டும்! "எல்லாம் எங்க மருமக யோசனைங்க. பெரிய இன்ஜினியரு! இனிமே இவ பேச்சக் கேட்டு இந்த வீட்டுல ஒரு கரண்டி வாங்குனா என்னைய ஏன்னு கேளுங்க."

கன்னத்தில் சந்தனமும் முழங்கை வரை வளையலுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த கவிப்ரியா வாயே திறக்கவில்லை. மாமியாரையும் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

"சம்பந்தி, மோட்டார் விஷயத்துல உங்கள மிஞ்ச ஆளில்ல. நீங்களே சொல்லுங்க. டேங்குதானே கோளாறு?" என்று இளஞ்செழியன் கேட்டார்.

நேற்று வரை தூங்கிக்கொண்டிருந்த மோட்டாருக்கு இன்று பேய் பிடித்ததென்றால், நடுவில் கை வைத்தது யார் என்று தியாகராசனுக்குத் தெரியாதா? ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவர் பேர் பத்திரமாகத் திருக்காட்டுப்பள்ளி போய்ச் சேர்ந்துவிடும். மகள் மட்டும் இந்த வீட்டில் காலத்துக்கும் வாயைத் திறக்க முடியாது.

"டேங்க் நல்லாத்தாங்க இருக்கு." என்றார் தியாகராசன். "அதுல இருந்த காத்த நான்தான் காலையில புடுங்கி விட்டேன். அது இருக்கணும்னு எனக்குத் தெரியலைங்க. எம் பொண்ணு சொன்னதுல ஒரு தப்பும் இல்ல."

பந்தலில் களுக்கென்று ஒரு சிரிப்பு கிளம்பிப் பரவியது. கமலாம்பாள் சம்பந்தியை எப்படித் திட்டுவதென்று புரியாமல் நனைந்த முந்தானையைப் பிழிந்தாள்.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் கவிப்ரியா. "நீங்க டேங்க நோண்டுனத ஜன்னல்லேருந்து பாத்தேன். மோட்டார் விக்குனப்பதான் என்ன பண்ணீங்கன்னு புரிஞ்சுது. உள்ள அடைச்ச காத்து அமுக்கித்தான் தண்ணி வெளிய வரும், அது இல்லேன்னா ஒவ்வொரு தடவையும் மோட்டார்தான் ஓடணும்."

"அப்பறம் ஏம்மா பேசாம இருந்த?"

"நீங்களே சொல்றீங்களான்னு பாத்தேன்."

தியாகராசனுக்குக் கண் கலங்கிவிட்டது. கவிப்ரியா நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்தாள். "மொதல்ல கரண்ட அமத்துங்க, மோட்டார் சூடு ஆறட்டும். டேங்குத் தண்ணிய வடிச்சு விடுங்க. மாமா, பைக்குக்குக் காத்தடிக்கிற பம்ப் பரண்ல கெடக்கு, எடுத்தாங்க."

இளஞ்செழியன் மறுபேச்சில்லாமல் பரணுக்கு ஓடினார். தியாகராசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டேங்க் முன்னால் குனிந்தார். தண்ணீர் வடிந்து பம்ப் கைக்கு வந்ததும், ஆயுளில் முதல் தடவையாக மோட்டார் விஷயத்தில் இன்னொருவரிடம் வாயைத் திறந்து கேட்டார்.

"எவ்வளவும்மா அடிக்கணும்?"