புதுத்தாங்கல் படகுத்துறை

நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து இறைத்த நீரைத் தேக்கத் தடுப்பணை கட்டிய பிறகுதான் புதுத்தாங்கலுக்கு ஆள் நடமாட்டம் வந்தது. முதலில் கண்ணையனின் டீக்கடை. பிறகு யாரோ கான்ட்ராக்ட் எடுத்து ஏரியில் படகு விட்டார்கள். கரையோரம் லாட்ஜ், ராட்டினம், வரிசையாகக் கடைகள் என்று குட்டி டவுனே முளைத்துவிட்டது. ஞாயிறானால் சுரங்கக் குவார்ட்டர்ஸ்காரர்கள் பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள். பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வந்து செல்லக்கிளி அங்கே மீன் வறுத்து விற்றாள். புருஷன் மருதாசலம் படகு ஓட்டினான். அதற்குமுன் இருவரும் முந்திரிக்காட்டில் கூலிக்குப் போனவர்கள்.

இரண்டாயிரத்துப் பதினைந்து அடைமழையில் ஏரி நிரம்பி, மதகைத் திறந்துவிட்டார்கள். கடைக்காரர்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். படகுத்துறை மேனேஜர் சிங்காரவேலு, கண்ணையனின் டீக்கடை வாசலில் மருதாசலத்தை மறித்தான்.

"படகுங்க அத்துக்கினு போவுது. போயி கட்டிட்டு வா."

"இழுப்பு அதிகமா இருக்குதுங்க."

"அப்ப நாளையிலேர்ந்து வேலைக்கு வராத."

"வேணாம், வூட்டுக்குப் போலாம் வா" என்று செல்லக்கிளி கையைப் பிடித்தாள்.

"இதுவும் போச்சுன்னா மறுபடியும் கூலிக்கா?" என்று கையை விடுவித்துக்கொண்டு இறங்கினான்.

தண்ணீர் வடிந்தபின் கருவேலம் புதரில்தான் அவன் உடலைக் கண்டெடுத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் சிங்காரவேலு அவளை ஓரமாக அழைத்தான்.

"குடிச்சிட்டு அவனாதான் எறங்குனான்னு சொல்லிடும்மா. மறுபடி தொறக்கறப்ப முதல் கடை ஒனக்குத்தான்."

இன்ஸ்பெக்டர் கேட்டபோது அவள் அவனைக் காட்டிச் சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரரு குடிக்க மாட்டாருங்க. வேலைய வுட்டு நிறுத்திடுவேன்னு மெரட்டி இவருதான் அனுப்புனாரு. நானு பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். டீக்கடைக்காரரும் இருந்தாருங்க."

கேஸ் ஆனதும் படகுத்துறையைப் பூட்டினார்கள். அது திறக்கவேயில்லை. லாட்ஜின் கதவு, ஜன்னலைக்கூட யாரோ பெயர்த்துக்கொண்டு போனார்கள். கடை போட்டிருந்தவர்கள் செல்லக்கிளியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "இவ ஒருத்தியால எல்லார் பொழப்பும் போச்சு" என்று காதுபடவே பேசினார்கள். அவள் பழையபடி முந்திரிக்காட்டுக்குப் போனாள். வாய்தாவுக்கு மட்டும் தவறவில்லை.

கோர்ட்டில் கண்ணையன் கூண்டேறினான்.

"மழை சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க."

சாட்சி போதாதென்று சிங்காரவேலுவை விட்டுவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கண்ணையனும் ஏறினான். செல்லக்கிளிக்குப் பக்கத்து சீட் மட்டும்தான் காலியாக இருந்தது. அவன் உட்காரவில்லை, வடக்குத்து வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான். அவளும் ஜன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை.