விபத்தில்லாத வருடம்

எங்கள் அச்சகத்துக்கு அரசாங்கத்திடமிருந்து இரண்டு தொகை வந்திருந்தது. வருமான வரிக்கு அவற்றை எப்படிக் காட்டுவது என்று கேட்கப் புது ஆடிட்டரிடம் போயிருந்தேன்.

“தாள் வெட்டுற மிஷின் வாங்கக் குடுத்த மானியம் வருமானம் இல்லம்மா. மிஷின் விலையில கழிச்சுக்கலாம்” என்றவர், அடுத்த கடிதத்தை எடுத்தார். “ஆனா இந்த ஊக்கத்தொகை, ஒரு வருஷம் விபத்தே இல்லாம தொழில் நடத்தினதுக்குக் குடுத்தது. இது வருமானம்தான். வரி கட்டியாகணும்.”

“இது வருமானமா?” எனக்குச் சுருக்கென்றது.

“ஆமாம்மா. சந்தோஷப்படுங்க, இது எல்லாருக்கும் கிடைக்கிறதில்ல.”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பழைய மிஷினின் கத்தியில் கை மாட்டி, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் என் தம்பி போய்ச் சேர்ந்தது அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான், கை உள்ளே போனால் தானாக நின்றுவிடும் இந்தப் புது மிஷினை வாங்கினேன். ஒரு வருஷம் முன்னாலேயே வாங்கித் தொலைத்திருக்கலாம்.

ஆடிட்டர் பில்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார்.

“என்னம்மா இது? இவ்வளவு நல்ல மிஷினை வெச்சுக்கிட்டு, வருஷம் பூரா தாளை வெளியில குடுத்து வெட்டி வாங்கியிருக்கீங்க?”

“அதோட ஸ்விட்சைப் போட எங்க யாருக்கும் மனசு வரல சார்” என்றேன். “பின்ன விபத்து எங்கேர்ந்து வரும்?”