கழலாத மோதிரம்

ரம்பம் மறுபடியும் வழுக்கியது. மன்சூர் பிளேடைத் திருப்பிப் பார்த்தான். பல் மழுங்கியிருந்தது. மோதிரத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

முற்றத்தில் துணி கட்டி மறைத்த இடத்தில், மய்யித்தைக் குளிப்பாட்டும் பலகையில், இறந்துபோன அவன் அத்தா ரஹ்மத்துல்லா கிடந்தார். சிறுநீரகம் கெட்டதிலிருந்து உடம்பு ஊதி, மோதிரத்தின் இரு பக்கமும் விரல் பிதுங்கியிருந்தது. சோப்பு போட்டாயிற்று, எண்ணெய் போட்டாயிற்று, நூல் சுற்றி இழுத்தும் பார்த்தாயிற்று.

“மோதிரத்துக்கு அடியில தண்ணி படணும் தம்பி,” என்றார் பள்ளிவாசல் ஹஜ்ரத். “அஸருக்கு ஜனாஸாத் தொழுகைன்னு பள்ளியில அறிவிச்சாச்சு.”

“பூட்டு செய்யிற ஊர்ல இருந்துக்கிட்டு ஒரு மோதிரத்தக் கழட்ட ஏலல,” என்று பெரியத்தா நூர் அகமது வாளியை நகர்த்தினார். “வெள்ளில வாங்கிக் குடுத்திருந்தா கத்திரியாலயே அறுத்திருக்கலாம்ல? என்ன எழவு இரும்புடா இது?”

“இரும்பில்ல பெரியத்தா. கார்பைடு.”

“வாழப்பழம் பழுக்க வப்பானுகளே, அதா?”

“அது வேற. இது டங்ஸ்டன் கார்பைடு.”

பெருநாளுக்கு அவன்தான் வாங்கி மாட்டிவிட்டான். தோல் மண்டியில் உப்பிலும் ஈரத்திலும் கிடந்த கை அத்தாவுடையது, வெள்ளி கறுத்துப்போகும். அவன் வேலை பார்க்கும் லேத்துப் பட்டறையில் இரும்பைச் சீவும் முனை, அந்த டிப்பும் இதே சரக்குதான். உருக்குக்குள்ளும் கார்பைடு உண்டு, சோற்றில் கிடக்கும் கல்லைப்போல. ரம்பப் பல்லின் வலு அதுதான். மோதிரமோ முழுக்கக் கல். தெரிந்தும் புது பிளேடை மாட்டினான்.

“ஏலே, விரல அறுத்துறாத,” என்றார் பெரியத்தா.

உள்ளறையிலிருந்து அம்மா ஜெய்தூன் பீவியின் குரல் வந்தது. “மன்சூரு, வலிக்காமப் பாத்துக்கப்பா.”

புது பிளேடும் வழுக்கியது. ரம்பத்தைச் சிமெண்டுத் தரையில் வீசி எறிந்தான். அந்தச் சத்தத்தில்தான் நினைவு வந்தது. நாள் முழுக்க இரும்பைச் சீவும் டிப்பு, கைதவறித் தரையில் விழுந்தால் பிஸ்கட் மாதிரி உடையும்.

“என் பையில கிரிப் பிளையர் இருக்கும் பெரியத்தா, எடுங்க.”

“நசுக்கப்போறியா? விரல் என்னாகும்?”

“மோதிரம் நசுங்காது. உடையத்தான் செய்யும்.”

“மய்யித்தோட எலும்புக்கு ஒண்ணும் ஆகப்படாது தம்பி,” என்றார் ஹஜ்ரத். “பாவம் அது.”

“ஆகாது.” சொன்னானே தவிர, அவனுக்கே நிச்சயமில்லை.

மோதிரத்தைப் பிளையரில் கவ்வி அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. விட்டுவிட்டு, பிளையரின் பிடியிலிருந்த திருகை ஓர் இழை இறுக்கி மறுபடி அழுத்தினான். உள்ளங்கை வியர்த்து நழுவியது. பெரியத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“செத்த நேரம் சும்மா இருங்களேன்!”

இன்னும் ஓர் இழை.

மளுக்கென்றது. நூர் அகமது கண்ணை மூடிக்கொண்டார்.

“என்னப்பா?” என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

மன்சூர் துண்டுகளை எடுத்துப் போட்டுவிட்டு விரலைத் தடவிப் பார்த்தான். மடக்கிப் பார்த்தான்.

“ஒண்ணுமில்லம்மா.”

மோதிரம் இருந்த இடம் மட்டும் வெளுத்துப் பள்ளமாக, வேறு யாரோ இளவயசுப் பிள்ளையின் தோலைப்போல இருந்தது. ஹஜ்ரத் குவளையை நீட்டினார். மன்சூர் ஊற்றினான். தண்ணீர் அந்தப் பள்ளத்தில் சற்று நின்று, பிறகு வழிந்தது.