இருபத்துநாலரை மணிக் கப்பல்

டிப்போவில் முதுகுக்குப் பின்னால் அவரை எல்லோரும் ‘நிமிஷம்’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே டைம் கீப்பர் சார். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, தாமதம் என்றால் என்ன காரணம் என்று பெரிய பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக எழுதுகிறார். ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றுகொண்டு, வீட்டுக்காரி வந்துகொண்டே இருக்கிறாள், ஒரு நிமிஷம் என்று எவனாவது கெஞ்சினால், இவர் விசிலை ஊதிவிடுவார். ஒருத்தருக்காக நாற்பது பேர் காத்திருக்க வேண்டுமா என்பது அவர் கட்சி. நியாயமான கட்சிதான், வண்டிக்குள் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டவருக்கு.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் தீவுப் பேச்சு கல்யாணமான புதிதிலேயே தொடங்கிவிட்டது. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். கடலைக் கண்ணால் கண்டதில்லை. தென்னை மரமும் வெள்ளை மணலும் அடி தெரியும் தண்ணீருமாக ஒரு தீவுப் படம் வார்டு காலண்டரில் வந்ததை, அந்த மாசம் முடிந்ததும் கிழித்து வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். முதல் தடவை கிளம்ப இருந்த வாரத்தில் டிப்போவில் சிறப்பு பஸ் விட்டார்கள், லீவு போச்சு. இரண்டாம் தடவை, பத்து வருஷம் கழித்து, விமான டிக்கெட் விலையைப் பார்த்த மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். விலை குறையவில்லை. அதற்கப்புறம் ‘அடுத்த வருஷம்’ என்பது அந்த வீட்டில் குட்மார்னிங் மாதிரி ஆகிவிட்டது.

இந்த வருஷம் அவள் ஒன்று சொன்னாள். “இந்தத் தடவையும் போகலைன்னா நான் இனிமே கேட்கவே மாட்டேங்க.” கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பார். துணி மடித்துக்கொண்டே, நாளைக்குப் பால் வேண்டாம் என்பது போலச் சொன்னாள். கல்யாணமான இருபத்துநாலு வருஷத்தில் அவர் பயந்தது அன்றைக்குத்தான்.

பயம் வந்தால் அவருக்கு அட்டவணை போட வரும். மூன்று மாசம் உட்கார்ந்து போட்டார். மழைக்கு முந்தின மாசம் தீவில் கூட்டம் இருக்காது, அறை பாதி வாடகை. துறைமுகம் வரை பஸ்ஸில் போனால் டிப்போ ஊழியருக்குரிய குடும்பப் பாஸ் உண்டு, செலவே இல்லை. அங்கிருந்து பகல் கப்பல் விலை அதிகம். நள்ளிரவு தாண்டிக் கிளம்புகிற கப்பலில் மேல்தளத்து பெஞ்சுக்கு மூன்றில் ஒரு பங்கு விலைதான், காலையில் தீவில் இறக்கிவிடும், ஒரு நாள் அறை வாடகையும் மிச்சம். ஒரே ஒரு நிபந்தனை, அந்த டிக்கெட்டை மாற்றவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. தீவில் ஒரு படகு மெக்கானிக் வீட்டு மாடியில் அடுப்போடு கூடிய அறை பேசி முடித்தார், சனி முதல் செவ்வாய் வரை. சமைத்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

நோட்டில் எல்லாம் ஏறியது. வெள்ளி மாலை ஆறு நாற்பது துறைமுக பஸ். வழியில் பஞ்சர் ஆனால் முப்பத்தைந்து நிமிஷம். பதினொன்றரைக்குத் துறைமுகம். இருபத்துநாலு முப்பதுக்குக் கப்பல். சனிக்கிழமை காலை ஏழு பத்து முதல் ஏழு நாற்பது வரை கடல் பார்த்தல். அந்த வரியைப் படித்துவிட்டு அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். ஏழு நாற்பத்தொன்றுக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டாள். எல்லாம் ஒரு ஒழுங்குக்குத்தான் என்றார் இவர்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. கட்டில் மேல் பாதி நிரம்பிய பை. மாடிக்கொடியில் இன்னும் ஈரத் துணி. அவள் வார்டுப் பழக்கப்படி பயண விவரத்தை ஒரு தாளில் எழுதி வைக்க டிக்கெட்டைக் கையில் எடுத்தவள், எழுதாமல் நின்றாள்.

“ஏங்க, இது இன்னைக்கு ராத்திரிக் கப்பல்தானே?”

நாளைக்கு என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

“வெள்ளிக்கிழமை, சைபர் சைபர் முப்பதுன்னு போட்டிருக்கே.”

அதேதான், வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை, நாளைக்குத்தானே வெள்ளி என்றார். அவள் மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இதில்தான் விஷயம் இருக்கிறது. டிப்போவில் ஒரு நாள் என்பது பன்னிரண்டு மணிக்கு முடியாது. கடைசி பஸ் உள்ளே வந்து விளக்கை அணைக்கிற வரைக்கும் அதே நாள்தான். வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி பன்னிரண்டரைக்கு ஓடுகிற பஸ், வெள்ளிக்கிழமைத் தாளில் இருபத்துநாலு முப்பது என்றுதான் ஏறும். இருபத்தாறு வருஷம் அப்படி எழுதின கை, கப்பல் டிக்கெட்டையும் அப்படியே எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலோ பன்னிரண்டு அடித்தால் தேதி மாறிவிடும். மருந்துத் தாளில் ஒரு நிமிஷம் பிசகினால் நோயாளி ஒரே மாத்திரையை இரண்டு தடவை விழுங்குவான். ஒரே வீட்டில் இரண்டு நள்ளிரவு வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள், அன்றைக்கு வரை இடிக்கவில்லை.

அவர் ஒத்துக்கொண்டாரா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி அவர். கப்பல்காரனுக்கு அட்டவணை போடத் தெரியவில்லை என்றார். உலகத்தில் எவனாவது ஒரு ராத்திரியை நடுவில் வெட்டி இரண்டு நாளாக்குவானா என்றார். கப்பல் அலுவலகத்துக்குப் போன் போட்டு, அங்கிருந்த பெண்ணிடம் இருபது நிமிஷம் வாதாடினார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இன்றிரவு பன்னிரண்டரைக்கு நீங்கள் துறைமுகத்தில் இருக்க வேண்டும் சார், நாளைக்கு வந்தால் கப்பல் இருக்கும், உங்கள் இடம் இருக்காது என்றாள். போனை வைத்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

மணி ஐந்து நாற்பது. இன்றைக்கும் அதே ஆறு நாற்பது பஸ் இருக்கிறது. அதை விட்டால் அடுத்தது ஒன்பது மணிக்கு, அது துறைமுகம் சேரும்போது கப்பல் பாதிக் கடலில் இருக்கும். ஆனால் நாளைக்கு அவருக்கும் டியூட்டி, அவளுக்கும் டியூட்டி. அவளுக்குக் கவலையில்லை. ஒரே ஒரு போன்தான், எத்தனையோ தடவை இவள் நைட் டியூட்டி பார்த்துக் கொடுத்த தோழி, போய்ட்டு வா என்று சொல்லிவிட்டாள். அவருக்குத்தான் கழுத்துக்குக் கத்தி. அவருக்குப் பதில் நிற்கக்கூடியவர் ஒரே ஒருத்தர், உதவி டைம் கீப்பர். காதில் எப்போதும் பேனா செருகியிருப்பதால் டிப்போவில் அவருக்குப் பெயரே பேனா. போன வருஷம் பேனா தன் மகள் பள்ளிக்கூட மேடையில் முதல்முதலாக ஆடுகிறாள், நாளைக்கு ஒரு நாள் லீவு வேண்டும் அண்ணே என்று வந்து நின்றார். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்பது விதி. நம் ஆள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளை விரலால் காட்டினார், அவ்வளவுதான். பேனா திரும்பிப் போய்விட்டார். மகள் ஆடினாள், அப்பா பார்க்கவில்லை.

அந்த மனுஷனிடம் எந்த மூஞ்சியோடு கேட்பது? போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். அலமாரிக் கதவு திறந்திருந்தது. காலண்டர் படத்தில் கடல் வெளுத்துப்போய் ஏறக்குறைய மணல் நிறத்துக்கு வந்திருந்தது. மனைவி பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து மறுபடி அலமாரிக்குள் வைத்தாள். அதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. நம்பரை அழுத்தினார்.

பேனா எல்லாவற்றையும் கேட்டார். கப்பல், தேதி, நாளைய டியூட்டி. பின்னணியில் ஒரு பஸ் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“அண்ணே, நாற்பத்தெட்டு மணி நேரம்னு ஒரு தாள் ஒட்டியிருக்கே.”

“தெரியும் தம்பி.”

“தெரியும்ல. சரி, நாளைக்கு நான் பார்த்துக்கிறேன். அண்ணிய கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க. மணி ஓடுது.”

இத்தனை சுலபமாகக் கொடுப்பார் என்று அவர் நினைக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு லேசாகியிருக்கும்.

அதற்கப்புறம் வீடு தலைகீழானது. ஈரத் துணி ஈரமாகவே பைக்குள் போனது. கேஸை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி ஓடினார், மூடித்தான் இருந்தது. பாதி வழியில் பையின் பிடி அறுந்தது, குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். டிப்போ பத்து நிமிஷ நடைதான், இருந்தும் வாசலை மிதிக்கும்போது சுவர்க் கடிகாரம் ஆறு நாற்பத்தேழு காட்டியது.

பஸ் நின்றுகொண்டிருந்தது. என்ஜின் உறுமிக்கொண்டிருக்க, ஜன்னலுக்கு ஒரு தலையாக நாற்பது பேர் எட்டிப் பார்த்தார்கள். டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். யாருக்காக இந்த வண்டி நிற்கிறது என்று ஒரு பெரியவர் சத்தமாகவே கேட்டார். ஒருத்தருக்காகவும் ஒரு நிமிஷம் நிறுத்தாத மனுஷன், அறுந்த பையை அணைத்துக்கொண்டு, அத்தனை கண்ணுக்கும் முன்னால் படியேறினார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள்ளேயே, ஒரு கால் படியில் வைத்துக் கெஞ்சிய அத்தனை பேர் முகமும் வரிசையாக வந்து நின்றது.

பேனா ஜன்னலுக்குக் கீழே வந்து பதிவேட்டை நீட்டினார். ஏழு நிமிஷத் தாமதம், காரணம் எழுதாமல் வண்டி வெளியே போகக் கூடாது. அதுவும் இவர் போட்ட விதிதான்.

“காரணம் என்னன்னு எழுதட்டும் அண்ணே?” பேனா காதிலிருந்து பேனாவை எடுத்தார். “டயர்ல காத்து குறைச்சல்னு எழுதிடவா?”

பக்கத்து சீட்டில் மனைவி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். டயர் என்று சொல்லியிருக்கலாம். கப்பல்காரன் தப்பு என்றும் சொல்லியிருக்கலாம், அந்தக் கட்சியை அவர் இன்னும் முழுசாக விட்டிருக்கவில்லை. பதிவேட்டில் தன் கையெழுத்திலேயே பல நூறு காரணங்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்தார்.

“என் தப்புன்னு எழுது தம்பி. தேதியை நான்தான் தப்பாப் பார்த்தேன்.” நிறுத்தினார். “உன் மகள் ஆட்டத்தை நீ பார்க்காமப் போனதும் என் தப்புதான்.”

பேனா எழுதவில்லை. பதிவேட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு, அவள் அடுத்த மாசம் மறுபடி ஆடுகிறாள், வந்துவிடுங்கள் என்றார். விசிலை அவரே ஊதினார்.

வண்டி தெருவுக்குள் திரும்பியது. மனைவி இன்னும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று அவர் குனிந்து பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“கடல் நாளைக்கு வந்தாப் போதும்,” என்றாள். “இந்த வார்த்தையைக் கேட்கவே இருபத்துநாலு வருஷம் ஆகிடுச்சு எனக்கு.”

வெள்ளிக்கிழமை காலை கப்பல் தீவில் இறக்கிவிட்டது. மெக்கானிக் வீட்டு மாடி சனிக்கிழமைதான் காலியாகும், அதுவரை திண்டாட வேண்டாம், கீழே கூடத்தில் பாய் போட்டுத் தருகிறேன் என்று அவன் மனைவி போனிலேயே சொல்லியிருந்தாள். பைகளை அங்கே போட்டுவிட்டு இருவரும் கரைக்கு வந்தார்கள். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் போய் முழங்கால் தண்ணீரில் நின்றாள். சேலை நனைவதைக் கவனிக்கவில்லை. காலண்டர் படத்தில் இருந்ததைவிடக் கடலின் நிறம் அதிகமாக இருந்தது. முதல் அலை வந்தபோது அவள் பயந்து இரண்டடி பின்னால் வந்தாள், அப்புறம் மூன்றடி முன்னால் போனாள்.

அவர் மணலில் நின்றுகொண்டு சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். சனிக்கிழமை இருந்தது, ஞாயிறு இருந்தது. இன்றைக்கு ஒரு வரிகூட இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

“எத்தனை மணி வரைக்கும் பார்க்கலாம்?” என்று தண்ணீருக்குள்ளிருந்து கேட்டாள்.

“கடைசி பஸ் உள்ள வர்ற வரைக்கும்,” என்றார் அவர்.

அந்தத் தீவில் பஸ்ஸே கிடையாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அவரும் இறங்கினார்.