ஏப்பக்காவின் பல் வலி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது சிரிப்புக் கதையாகத்தான் பிறந்தது. 'ஏப்பக்கா' என்ற பட்டப்பெயர் எங்கிருந்தோ என் வாயில் வந்து ஒட்டிக்கொண்டது. பெயர் வந்துவிட்டால் ஆள் வராமலா போய்விடுவாள்? வந்தாள். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவள். ஒருமுறை வீட்டில் நெஞ்சுவலி என்று அலறினாள். கணவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கொழுந்தன் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியேறினான். ஈசிஜி எடுக்க ஒயர்களை ஒட்டிய நேரம் பார்த்து ஒரு ஏப்பம் புறப்பட்டது பாருங்கள், அறையே கிடுகிடுத்தது. வலி போயே போச்சு. நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். திரைக்கு வெளியே நின்ற கொழுந்தன் வாயில் சமாச்சாரம் தங்குமா? இரண்டே நாளில் ஸ்டேஷன் முழுக்க அவள் ஏப்பக்கா.

கூடச் சேர்ந்து அவளும் சிரித்தாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுததை நான் எழுதவில்லை. சிரிப்புக் கதையில் அதற்கு இடம் ஏது?

2

"அன்று அவளுக்கு நெஞ்சு வலித்தது." அடித்துவிட்டேன். இந்த முறை நெஞ்சு வலிக்கவே இல்லை, அதுதான் சங்கடம்.

"அன்று மைக் முன்னால் உட்கார்ந்திருந்தபோது இடது தாடை வலித்தது. கடைவாய்ப் பல்லாக இருக்கும் என்று..." இது இருக்கட்டும். வலி தாடையிலிருந்து கழுத்துக்கும் தோளுக்கும் இறங்கியது. முழங்கை கனத்தது. உடம்பு சில்லென்று வேர்த்து, குமட்டிக்கொண்டு வந்தது.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: இதயத்தின் நரம்பும் தோள், கையின் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றனவாம். மூளைக்கு முகவரி குழம்பிவிடுகிறது. அடி விழுவது ஓரிடம், அழுவது வேறிடம். இது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்துவிட்டது. அவளுக்குத்தான் தெரியாது.)

3

டிக்கெட் கவுண்ட்டர்காரன் எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"பல்லு வலிப்பா. வேற ஒண்ணுமில்ல."

"பல்லு வலிக்கா கையைப் பிடிச்சுட்டிருக்கீங்க? வீட்டுக்குச் சொல்லட்டுமா?"

"அய்யய்யோ, வேணாம்! மறுபடியும் ஊரைக் கூட்டணுமா? நீ போ, கவுண்ட்டர்ல ஆள் நிக்குது."

போய்விட்டான். 'அடிப்பாவி, உயிரைவிட மானம் பெருசா?' என்று கத்த வேண்டும்போல் எனக்கு ஆத்திரம். ஆனால் அவள் மானத்தை வாங்கியது யார்? முதல் பகுதியில் அறையைக் கிடுகிடுக்க வைத்தது நான்தானே. [நீங்களும் சிரித்தீர்கள். சரி, விடுங்கள்.]

மனசு கேட்காமல் அவளே கணவருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க..."

"என்ன, மறுபடியும் ஏப்பமா?"

செல்லமாகத்தான் கேட்டார். சத்தியமாகச் செல்லமாகத்தான்.

"அதெல்லாம் இல்லீங்க. வரும்போது... பால் வாங்கிட்டு வந்துடுங்க."

போனை வைத்தபோது அவளுக்கு முகம் எரிந்தது. யாரும் பார்க்காத அறையில் கூட வெட்கம் விடவில்லை.

4

முடிவுகள்.

கவுண்ட்டர்காரன் சந்தேகப்பட்டுத் திரும்பி வருகிறான். நீங்கள் நம்ப மாட்டீர்கள், எனக்கும் நம்பிக்கையில்லை. வெளியே வரிசை நீளம்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறாள். தாடையில் தைலம் தடவிக்கொண்டு கொஞ்சம் படுக்கிறாள். கணவர் வாங்கிவந்த பால் அடுப்பில் பொங்குகிறது. அவர் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே... இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.

மிச்சமிருப்பது இதுதான். அடுத்த வண்டியை அறிவிக்க வேண்டிய நேரம். பொத்தானை அழுத்துகிறாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

வண்டி எண் வரவில்லை. மூச்சு இரைக்கிறது, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிறது. அப்புறம் கூசிக் கூசி ஒரு குரல்:

"மன்னிச்சுக்குங்க... பெருசா ஒண்ணுமில்ல, பல்லு வலிதான்... யாராவது கொஞ்சம்..."

என்னால் முடிந்தது இவ்வளவுதான். நடைமேடையில் நிற்பது நீங்கள். பக்கத்தில் இருப்பவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். அறிவிப்பு அறை படிக்கட்டுக்குப் பின்னால். கதவு சாத்தியிருக்கிறது, தாழ் போடவில்லை.