கிடாரத்தில் கரைத்த உப்பு

எங்கள் வீட்டுக்கு யாரும் தண்ணீர் விற்றதில்லை. குருவிட்ட நகரில் எங்கள் கடைக்குப் பின்னால் உள்ள கிணற்றை என் வாப்பா வெட்டிய காலத்தில், வறட்சி வந்தால் பக்கத்து இறப்பர் தோட்டத்து ஆட்கள்கூட வாளியோடு வந்து நிற்பார்கள். கல்யாணமோ கந்தூரியோ, அந்தத் தண்ணீரைச் செம்புக் கிடாரத்தில் நிரப்பி முன் விறாந்தையில் வைப்போம். ஆகவே போன வருடம் ஜதீஸ்வரன் மாஸ்டர் என் கிணற்றுத் தண்ணீர் ஆகாது என்று சொன்னபோது, அதை நான் வெறும் மீன் விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மீன் தொட்டி என் மனைவி ஸுபைதாவினுடையது. அவள் பேருவளைக்காரி. பிறந்த வீட்டுப் பின்கதவைத் திறந்தால் கடல். நாற்பத்தாறு வருடங்களுக்கு முன் அவளை இங்கே கொண்டு வந்தேன். முதல் நாள் காலையில் என் உம்மாவிடம், "மாமி, இங்க சத்தமே இல்லையே, எப்படித் தூங்குறது?" என்று கேட்டாள். உம்மா விழுந்து விழுந்து சிரித்தார். மாதம் ஒரு முறை கடலுக்குக் கூட்டிப்போவதாக நான் வாக்குக் கொடுத்தேன். கடையைப் பூட்ட முடியாமல் அது வருடத்துக்கு ஒன்றாகி, பிறகு அதுவும் நின்றது. இப்போது முழங்கால் நோவினால் அவளுக்கு பஸ் படி ஏறவே ஏலாது.

மகன் தாஸிம் கொழும்பிலிருந்து நாலு அடிக் கண்ணாடித் தொட்டியும் பவளப் பாறைத் துண்டுகளும் கொண்டு வந்து, நல்ல தண்ணீரில் கடல் உப்பு கரைத்து நிரப்பி, வெள்ளைப் பட்டி போட்ட செம்மஞ்சள் மீன் இரண்டும் முதுகில் சிவப்புக் கோடு உள்ள இறால் ஒன்றும் சில நத்தைகளும் விட்டுப் போனான். ஸுபைதா கையைத் தண்ணீருக்குள் வைத்தால் இறால் விரலில் ஏறி நகக்கண்ணைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும்.

"இஞ்ச பாருங்க, என்ட நகத்துக்கு வேலைக்காரி வந்தீக்கிறா!"

அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது. பேருவளையில் அவள் தம்பிமார் வலையை உதறும்போது அவள் அப்படித்தான் சிரித்தாள்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீரில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும். அதற்கு எந்தத் தண்ணீர் என்று கேட்கத்தான் மாஸ்டரை அழைத்தோம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வைத்து ஊருக்குக் குடிதண்ணீர் விற்கிறார். அவரிடமும் கடல்மீன் தொட்டி உண்டு.

பேனா மாதிரி ஒரு கருவியோடு வந்தார். தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறதோ அத்தனையையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டுமாம். கிணற்றுத் தண்ணீருக்கு ஐம்பத்தெட்டு. குழாய்த் தண்ணீருக்கு எழுபத்தொன்று. கடையில் வாங்கிய போத்தல் தண்ணீருக்கு நூற்று நாலு.

"பாத்தீங்களா மாஸ்டர்! காசு குடுத்து வாங்கிற போத்தலை விட நம்மட கிணறு மேல்!"

"ஓம் ஹாஜியார், குடிக்கிறதுக்கு அருமையான தண்ணி. மீனுக்குப் பூச்சியம் வேணும்."

"பூச்சியமா? அப்ப மழைத் தண்ணி?"

"உங்கட கூரை தகரம். தண்ணி ஓடுற பீலியும் தகரம். எல்லாம் கழுவிக்கொண்டுதானே வரும்."

"வாகன பெற்றரிக்கு ஊத்துற தண்ணி?"

"அது வடிச்ச தண்ணிதான். எந்தப் பாத்திரத்தில, எப்பிடி வடிச்சதெண்டு ஆருக்குத் தெரியும்? வேண்டிய உப்பை நாங்கள் அளந்து போடுறம். தண்ணிக்குள்ள முதலே வேற ஏதும் கிடந்தா அளவு பிழைச்சிடும்."

தான் கொண்டு வந்த தண்ணீரில் கருவியை விட்டுக் காட்டினார். பூச்சியம்.

"அவர் சொல்றதைக் கேளுங்க. கிணறு ஒன்டும் கோவிச்சிக்காது" என்றாள் ஸுபைதா.

அடுத்த கிழமை மாஸ்டரின் தண்ணீர் நீல நிறப் பிளாஸ்டிக் கேன்களில் த்ரீவீலில் வந்து இறங்கியது. எங்கள் விறாந்தையில் கேன்களை அடுக்கிவிட்டு, "ஹாஜியார் கெதரட்டத் வத்துர சல்லிக்கா?" என்று சாரதி சிங்களத்தில் கேட்டு, வீதி கேட்கச் சிரித்தான். ஹாஜியார் வீட்டுக்கும் தண்ணீர் காசுக்கா என்கிறான். எனக்கு முகம் சுட்டது. அவன் போனதும் அத்தனை தண்ணீரையும் வாப்பாவின் கிடாரத்தில் ஊற்றினேன். கேன்களைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போட்டேன். உப்புக் கரைக்கத் தாஸிம் ஒரு பிளாஸ்டிக் தொட்டி தந்திருந்தான். உடுப்புக் கழுவும் தொட்டிபோல இருந்த அதை விறாந்தையில் வைக்க எனக்கு மனமில்லை. ஸுபைதாவுக்கு அன்று முழங்கால் வீங்கியிருந்ததால் நானே கிடாரத்தில் உப்பைக் கொட்டி, ஒரு இரவும் பகலும் வைத்திருந்து, பிறகு மீன் தொட்டிக்கு மாற்றினேன்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஸுபைதா கூப்பிட்ட குரலில் நான் செருப்பில்லாமல் ஓடினேன். இறால் பாறைக்கடியில் பக்கவாட்டாகக் கிடந்தது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுந்திருந்தன. மீன்கள் இரண்டும் மூலையில் மூச்சு வாங்கின. அவள் அழவில்லை. இறாலைக் கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

நான் நேரே மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். பஸ் வீதியோரம், தேநீர்க் கடைக்குப் பக்கத்து வீடு. தண்ணீர் வாங்க நாலைந்து பேர் நின்றார்கள்.

"மாஸ்டர், உங்கட தண்ணி நஞ்சு. ஊருக்கு நஞ்சை விக்கிறீங்க!"

அவர் ஒரு குவளையில் தண்ணீர் பிடித்துக் கருவியை விட்டார். பூச்சியம். "உப்பை எதுக்குள்ள கரைச்சனீங்கள் ஹாஜியார்?" என்று மட்டும் கேட்டார்.

"என்ட வீட்டுப் பாத்திரத்தப் பத்தி நீங்க கேக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை, மிச்சத் தண்ணீரைக் கொட்டக் கிடாரத்தைச் சரித்தேன். அடியில் நின்ற தண்ணீர் இளம் பச்சையாக இருந்தது. உப்புத் தண்ணீர் நின்ற மட்டத்தில் நீலப்பச்சை வளையம். அதற்குக் கீழே செம்பு, புதிதாக அடித்ததுபோலப் பளபளத்தது. உள்ளே பூசிய ஈயம் எந்தக் காலத்தில் தேய்ந்ததென்று எனக்குத் தெரியாது. என் உம்மா இதில் புளியை அண்டவே விடமாட்டார். உப்பைப் பற்றி நான் யோசிக்கவில்லை. தண்ணீர்தானே என்று நினைத்தேன்.

மாஸ்டர் கேட்டதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. உப்புத் தண்ணீர் செம்பைக் கரைத்திருந்தது; இறாலைக் கொன்றது அந்தச் செம்புதான். தொழுகைக்குப் போனேன். ஹாஜியார் வீட்டு மீனே செத்த தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதா என்று மூன்று வீட்டார் மாஸ்டரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டதாகப் பள்ளிவாசலில் பேசிக்கொண்டார்கள். எங்கள் குடும்பத்தின் சொல்லுக்கு இந்த ஊரில் அவ்வளவு கனம் இருந்தது. அதே சொல்தான் ஒரு குற்றமற்ற மனிதரின் பிழைப்பில் விழுந்திருந்தது.

அன்று பின்னேரம், முன்னே போன அதே நேரத்துக்குப் போனேன். தேநீர்க் கடை நிறைந்திருந்தது.

"மாஸ்டர், உங்கட தண்ணியில பிழையில்ல. நான்தான் செம்புக் கிடாரத்தில உப்புக் கரைச்சேன். இறால் செத்தது என்னால."

அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "மெல்லக் கதையுங்கோ ஹாஜியார், சனம் பாக்குது."

"பாக்கட்டும். பழியைச் சத்தமாத்தான் சொன்னேன். மெல்லமாத் திரும்ப எடுத்தா அது எடுத்ததாகாது."

கடையிலிருந்த ஒருவர் தேநீரைக் கீழே வைத்தார். மாஸ்டர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கதிரை போட்டார். செம்பை உறிஞ்சும் கரிப் பொட்டலம் ஒன்று தந்தார். தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை மாற்றலாம், நாளை தானே வருகிறேன் என்றார்.

தலை நிமிர்ந்துதான் வீட்டுக்கு வந்தேன். ஸுபைதா தொட்டிக்கு முன்னால் இருந்தாள்.

"மாஸ்டருக்கு எதிர்வீட்டு அபீபா போன் பண்ணினா. றோட்டில நின்டு எல்லாத்தையும் சொன்னீங்களாமே" என்றாள்.

"சொன்னேன்."

"ஊருக்குச் சொன்னீங்க." அவள் என்னைப் பார்க்கவில்லை. "எனக்கிட்டச் சொல்லல்லயே."

வீதியில் சொன்னபோது நாக்குத் தடுமாறவில்லை. இங்கே கேட்க வேறு யாருமில்லை. ஒரு கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் இருந்தேன். சொல்லி முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மீன் ரெண்டும் தப்புமா?"

"தெரியாது. மாஸ்டர் காலையில வாறார்."

"அப்ப அந்தக் கரிய இப்பவே போடுங்க" என்றாள் அவள். "நான் லைட்டப் பிடிக்கிறேன்."