புருஷனுக்காக வாழ்த்துகள்

டவ்வேயின் பிறந்தநாளுக்கு வந்தவர்கள் எல்லாரும் வீட்ஸ்கேயின் கையையும் பிடித்துக் குலுக்கினார்கள். "புருஷனுக்காக வாழ்த்துகள், வீட்ஸ்கே." நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்துப் பக்கம் பிறந்தநாள் ஒருத்தருக்கு என்றாலும் வாழ்த்து வீட்டில் எல்லாருக்கும்தான். அவளும் சிரித்து வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எத்தனை பாடு என்று சிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு அவள் ரத்த அழுத்தம் பார்க்கப் போக வேண்டும். போன தடவை பசு கன்று போடுகிறதென்று போகவில்லை. அதற்கு முன்னால் டிராக்டர் சாமான் வாங்க டவ்வேக்குக் கார் வேண்டியிருந்தது. இன்று காலையிலும் அவன், ஆட்கள் வருகிற நாளில் எதற்கு, போன் பண்ணி மாற்றிக்கொள்ளேன் என்றான். அவளுடைய அண்ணன் இப்படித்தான் மாற்றிக்கொண்டே போனான். இப்போது வாய் ஒரு பக்கம் கோணிப்போய், அவனுக்கு சூப்பை யாராவது ஊட்டிவிட வேண்டியிருக்கிறது.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உறவு முழுவதும் உட்கார்ந்திருந்தது. வீட்ஸ்கே கேக் கொடுத்துக்கொண்டு வந்தாள். நாத்தனார் ஹிஸ்கே உப்புப் போட்ட அதிமதுர மிட்டாயை அவளிடம் நீட்டினாள். அது அவளுக்கு ஆகாதென்று டாக்டர் சொன்னது அங்கே எல்லாருக்கும் தெரியும். வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

"மெதுவா, வீட்ஸ்கே," என்றான் டவ்வே, கேக்கை மென்றபடி. "பிரஷர் ஏறிடப் போகுது."

எல்லாரும் சிரித்தார்கள். சேற்றுக் காலோடு சமையலறைக்குள் வராதே என்று அவள் சொன்னாலும் அவன் அதைத்தான் சொல்வான். அவள் வாயை அடைக்க அந்த ஒரு சொல் போதும் அவனுக்கு.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "எவ்வளவு?"

"என்ன எவ்வளவு?"

"என் பிரஷர். ஏறிடும்கிறியே, இப்ப எங்க நிக்குது? எந்த மாடு எவ்வளவு கறக்குதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவே. என்னுது எவ்வளவு? சொல்லு."

டவ்வே தங்கை ஹிஸ்கேயின் முகத்தைப் பார்த்தான். அவளுக்கும் தெரியவில்லை.

வீட்ஸ்கே கோட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தாள். கால்வாய்க் கரையில் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. அதையும் திட்டிக்கொண்டே மிதித்தாள்.

டாக்டரின் கிளினிக்கில் நர்ஸ் மாரித் அவளைக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றி இரண்டு தடவை பார்த்தாள். முடிக்கும்போது போன் அடித்தது. டவ்வேதான்.

"காப்பித்தூள் எங்க வச்சிருக்கே? எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

வீட்ஸ்கே போனை மாரித்திடம் நீட்டினாள். "என்னுது எவ்வளவுன்னு நீங்களே இவனுக்குச் சொல்லுங்க."

"நூத்தி எண்பத்தெட்டுக்கு நூத்தி நாலு," என்றாள் மாரித்.

அந்தப் பக்கத்திலிருந்து டவ்வே, "அது நிறையவா?"

"ரொம்ப நிறைய. வந்து பார்த்திருந்தா முன்னாடியே மாத்திரையை மாத்தியிருக்கலாம். இப்ப டாக்டர் பார்ப்பார். ரெண்டு வாரத்துல மறுபடி வரணும்."

வீட்ஸ்கே போனைத் திரும்ப வாங்கினாள். அவன், காரை எடுத்துக்கொண்டு இப்போதே வருகிறேன் என்றான்.

"இன்னைக்கு வேண்டாம். அடுத்த தடவை வா. மாடு கன்னு போட்டாலும் வா."

"என்னைக்கு?"

இத்தனை வருஷத்தில் அவன் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அதற்காக அவள் கோபம் இறங்கிவிடவில்லை.

"வீட்டுக்கு வந்து சொல்றேன். அதுவரைக்கும் காப்பித்தூளைத் தேடு. அங்க உக்காந்திருக்கிறவங்க எல்லார்கிட்டயும் கை குடுத்து, பொண்டாட்டிக்காக வாழ்த்து வாங்கிக்கோ. இன்னைக்கு உயிரோடதான் இருக்கேன்."